விளையாட்டுத் திடலில் ஒரு பாகப்பிரிவினை

2022ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் திகதி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆட்சிப் பேரவை கூடி ஒரு கேள்விக்கு விடை தேடியது. அப்பல்கலைக்கழகத்தின் பத்து வளாகங்களுள் ஒன்றான லொஸ் ஏஞ்சலிஸ் வளாகம், அதாவது யூ.சி.எல்.ஏ., தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தான் சேர்ந்திருந்த மேற்குக்கரை விளையாட்டு ஒன்றியத்தை விட்டு விலகி, மத்திய மேற்கு மாநிலங்களைத் தாயகமாகக் கொண்ட ‘பிக் டென்’ ஒன்றியத்தில் சேரலாமா என்பதே அக்கேள்வி. பதினொரு பேர் சேரலாம் என்றனர். ஐவர் கூடாது என்றனர்.

இதில் விந்தை என்னவென்றால், தான் போகப்போவதை யூ.சி.எல்.ஏ. அவ்வாண்டு ஜூன் 30ஆம் திகதியே உலகுக்கு அறிவித்துவிட்டது. அழைப்பிதழ் அச்சடித்து, பந்தலும் போட்டு முடித்த பின்னர் பெற்றோரிடம் சம்மதம் கேட்ட கதைதான் இது.

அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்று எந்த ஒன்றியத்தில் விளையாடினால் நமக்கென்ன என்று வாசகர்கள் கேட்கலாம். செய்தி முகவரகங்கள் அனுப்பும் இத்தகைய செய்திகளை இரவுப் பணியில் இருந்த நாள்களில் நானும் அப்படிக் கேட்டே ஒதுக்கி வைத்ததுண்டு. ஆனால், இந்தக் கதையில் பாதிக்கப்பட்ட மற்றொரு வளாகம் பேர்க்லி. தமிழுக்கென ஓர் இருக்கை அமைந்த பல்கலைக்கழகம் அது. பேராசிரியர் ஜோர்ஜ் ஹார்ட் பணியாற்றியதும், தமிழ் செம்மொழியே என்று 2000ஆம் ஆண்டில் அவர் எழுதிய புகழ்பெற்ற கடிதம் பிறந்ததும் அங்கேதான். கலிபோர்னியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இவ்விரு வளாகங்களிலும் படிக்கிறார்கள். அதற்கும் மேலாக, பொதுமக்களின் சொத்தான ஒரு நிறுவனத்தின் தலைவிதியை யார், எப்போது, எப்படித் தீர்மானிப்பது என்ற கேள்வி எந்த நாட்டவருக்கும் அந்நியமானதன்று.

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்கர் ‘கொன்பரன்ஸ்’ என்பதை மாநாடு என்று மொழிபெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். அயலிலுள்ள பல்கலைக்கழகங்கள் தமக்குள் ஆண்டுதோறும் போட்டியிடுவதற்காக அமைத்துக்கொண்ட கூட்டு அது. ஒன்றியம் என்பதே பொருத்தம். 1915 டிசம்பரில் போர்ட்லண்ட் நகரில் நான்கு கல்வி நிறுவனங்கள் கூடிப் பசிபிக் கரை ஒன்றியத்தை உருவாக்கின. பேர்க்லி அவற்றுள் ஒன்று. யூ.சி.எல்.ஏ. 1928இல் வந்து சேர்ந்தது. 1959இல் அது கலைந்து புதுவடிவம் பெற்றது. பிறகு எட்டுப் பேர், பத்துப் பேர் என வளர்ந்து, 2011இல் ‘பக்-12’ ஆனது. பயணத்துக்கு ஏற்ற தூரம், ஒத்த காலநிலை, தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த போட்டி ஆகியவையே அதன் அத்திவாரம்.

அந்த மண்ணில் விளைந்தவர்களின் பட்டியல் எளிதானதன்று. நிறப் பாகுபாட்டை உடைத்து அமெரிக்கத் தொழில்முறை பேஸ்போலில் நுழைந்த ஜக்கி ரொபின்சன், டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ், ஒலிம்பிக் வீராங்கனை ஜக்கி ஜோய்னர் கேர்சி ஆகியோர் யூ.சி.எல்.ஏ. மாணவர்கள். பயிற்றுநர் ஜோன் வூடன் 1964 முதல் 1975 வரையான பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து முறை தேசியக் கூடைப்பந்தாட்டக் கிண்ணத்தை அங்கே கொண்டுவந்தார்.

இவ்வளவு இருந்தும் ஏன் பிரிந்தார்கள்? விடை தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருக்கிறது. 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பல்கலைக்கழகங்களின் அமெரிக்கக் கால்பந்தாட்ட ஒளிபரப்பு உரிமையைத் தேசிய விளையாட்டுச் சங்கம் ஒன்றே கட்டுப்படுத்தக் கூடாதென்று தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து பல்கலைக்கழகங்களும் ஒன்றியங்களும் தத்தம் உரிமையைத் தாமே விற்கத் தொடங்கின. மைதானத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கு பின்னே போய், எத்தனை வீடுகளில் தொலைக்காட்சி எரிகிறது என்ற கணக்கு முன்னே வந்தது. லொஸ் ஏஞ்சலிஸ் நாட்டின் இரண்டாவது பெரிய தொலைக்காட்சிச் சந்தை. அதைக் கைப்பற்றினால் ஒளிபரப்பாளரிடம் கேட்கும் விலை ஏறும். 2022 ஓகஸ்டில் பிக் டென் ஒன்றியம் மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களுடன் ஏழாண்டு ஒப்பந்தம் செய்தது. அதன் பெறுமதி ஏழு பில்லியன் டொலருக்கு மேல்.

யூ.சி.எல்.ஏ.யின் பக்க நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். அதன் விளையாட்டுத் துறை முந்திய மூன்று நிதியாண்டுகளில் நூறு மில்லியன் டொலருக்கு மேல் பற்றாக்குறை கண்டிருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் மைதானங்கள் மூடப்பட்டன. 280 மில்லியன் டொலர் தருவதாக 2016இல் ஒப்பந்தம் செய்த விளையாட்டு ஆடை நிறுவனம் 2020இல் விலகிக்கொண்டது. இந்நிலையில் அயலவரான தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் பிக் டென்னுக்குப் போவதென முடிவெடுத்தபோது, தாம் மட்டும் பழைய வீட்டில் தங்கினால் நீச்சலும் டென்னிசும் சீருடற்பயிற்சியும் ஒவ்வொன்றாக மூடப்படும் என நிர்வாகிகள் அஞ்சினர். அந்த அச்சம் பொய்யென்று யாரும் சொல்ல முடியாது. தலைக்கு மேல் வெள்ளம் போனவனிடம் நீதி நூல் வாசிப்பது எளிது.

ஆயினும் மூன்று கேள்விகளுக்கு அன்றும் சரியான விடை கிடைக்கவில்லை, இன்றும் கிடைக்கவில்லை.

முதலாவது, மாணவர்களின் உடலும் நேரமும். பிக் டென் உறுப்பினரான ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் நியூ ஜேர்சியில் இருக்கிறது. லொஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர். கடிகாரத்தில் மூன்று மணி நேர வித்தியாசம். அமெரிக்கக் கால்பந்தாட்ட அணி ஆண்டில் ஐந்தாறு முறை, அதுவும் பெரும்பாலும் வார இறுதியில், வெளியூர் போகும். கரப்பந்தாட்ட, கூடைப்பந்தாட்ட, சொஃப்ட்போல் மாணவிகளின் நிலை அப்படியன்று. அவர்களுக்குப் போட்டிகள் அதிகம். வாரநாள்களிலும் பயணம் வரும். மாலைப் போட்டி முடிந்து விமானம் ஏறி, விடியலில் இறங்கி, காலை வகுப்பில் அமரும் இரசாயனவியல் மாணவியை நினைத்துப் பாருங்கள். கோடிகளைக் கொண்டுவருவது ஒரு விளையாட்டு. அதற்கான களைப்பைச் சுமப்பது மற்ற விளையாட்டுகள். யூ.சி.எல்.ஏ.யின் முன்னாள் கூடைப்பந்தாட்ட நட்சத்திரமும் பின்னாளில் வர்ணனையாளராகவும் விளங்கிய பில் வோல்ட்டன், இதே கவலையுடன் தம் தாய்க்கழகத்தின் முடிவை வெளிப்படையாக எதிர்த்தார். 2024 மே மாதத்தில் அவர் மறைந்தார். அவர் நேசித்த பழைய ஒன்றியமும் அந்தப் பருவத்தோடு சிதறியது.

இரண்டாவது, உடன்பிறந்த வளாகத்தின் கதி. பேர்க்லி மூத்தது, 1868இல் தோன்றிய பல்கலைக்கழகத்தின் தாய்வளாகம். யூ.சி.எல்.ஏ. 1919இல் தென்கிளையாகத் தொடங்கியது. இரண்டுக்கும் ஒரே ஆட்சிப் பேரவை, ஒரே மாநில மக்களின் வரிப்பணம். தம்பி வெளியேறியதும் பழைய ஒன்றியத்தின் தொலைக்காட்சி விலை சரியும் என்பது யாவருக்கும் தெரிந்ததே. பேர்க்லிக்கோ அதன் பெரிய மைதானத்தைச் சீரமைத்த வகையில் ஏற்கெனவே பெருங்கடன். அந்த மைதானத்தின் அடியில் நிலநடுக்கப் பிளவு ஓடுகிறது. ஆகவே சீரமைக்காமல் விடவும் வழியில்லை. ஆட்சிப் பேரவை இதற்காகவே ஒரு நிபந்தனை விதித்தது. யூ.சி.எல்.ஏ. ஆண்டுதோறும் இரண்டு முதல் பத்து மில்லியன் டொலர் வரை பேர்க்லிக்குக் கொடுக்க வேண்டும் என்றது. பத்திரிகைகள் இதை விவாகரத்தில் கொடுக்கும் தாபரிப்புப் பணத்துக்கு ஒப்பிட்டுக் கேலி செய்தன. 2024 மே மாதத்தில் அத்தொகை உச்ச வரம்பான பத்து மில்லியன் என்றே நிர்ணயமாயிற்று.

கேலிக்கு அப்பால் அந்த நிபந்தனையில் ஒரு பெரிய நியாயம் உண்டு என்பதே என் கருத்து. ஒருவன் தன் இலாபத்துக்காகப் பொதுச் சொத்தின் பெறுமதியைக் குறைத்தால் ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை அது. ஆனால் அந்த ஈடு பேர்க்லியோடு நின்றுவிட்டது. ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் வொஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும் எந்தப் பேரவையிடம் போய் முறையிடும்?

மூன்றாவது கேள்வியே தலையாயது: தீர்மானித்தவர் யார்? இத்தகைய ஒப்பந்தங்களைச் செய்யும் அதிகாரம் வளாகத் தலைவர்களுக்கு முன்னரே கையளிக்கப்பட்டிருந்தது. சட்டப்படி அதில் தவறில்லை. ஆனால் மாநில ஆளுநர் கவின் நியூசம், பதவிவழியாகத் தாமும் அந்தப் பேரவையின் உறுப்பினராக இருந்தும் பகிரங்கமாக விளக்கம் கோர நேர்ந்தது. 2022 ஓகஸ்டில்தான், இதைத் தடுக்கும் அதிகாரம் தங்களிடம் எஞ்சியிருப்பதைப் பேரவை உறுப்பினர்கள் தம் சட்ட ஆலோசகர் வாயிலாக உறுதிப்படுத்திக்கொண்டனர். மாணவ வீரர்களின் கருத்தைக் கேட்ட படிவமும் அறிவிப்புக்குப் பின்னரே அனுப்பப்பட்டது. பதில் அனுப்பியோரில் மிகச் சிலரே இம்முடிவு தவறு என்றனர். ஆனால் பெரும்பாலானோர் பதிலே அனுப்பவில்லை. முடிந்துபோன காரியத்துக்கு அபிப்பிராயம் கேட்டால் யார்தான் மினக்கெட்டு எழுதுவார்கள்?

வெள்ளம் வருமுன் அணை கட்ட வேண்டும் என்பார்கள். அணை கட்டத் தவறியதன் விளைவு அடுத்த ஆண்டே தெரிந்தது. 2023 ஜூலை 27ஆம் திகதி கொலராடோ விலகியது. ஓகஸ்ட் 4ஆம் திகதி ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் விலகின. செப்டெம்பர் முதலாம் திகதி பேர்க்லியும் ஸ்டன்போர்ட்டும் அத்திலாந்திக் கரை ஒன்றியத்தில் தஞ்சம் புகுந்தன. அதுவும் பல ஆண்டுகளுக்கு மற்றவர்களைவிடக் குறைந்த பங்கைப் பெறச் சம்மதித்து. பசிபிக் கரையில் நின்று அத்திலாந்திக் கரை ஒன்றியத்தில் விளையாடுகிறார்கள். பத்து என்று பெயர் கொண்ட பிக் டென்னில் 2024 முதல் பதினெட்டு உறுப்பினர்கள். புவியியலும் எண்கணிதமும் ஒருங்கே தோற்ற இடம் இது.

எஞ்சியவை இரண்டே இரண்டு: மேற்சொன்ன ஒரிகன் மாநிலமும் வொஷிங்டன் மாநிலமும். விளையாட்டில் அவை குறைந்தவை என்பதற்காகக் கைவிடப்படவில்லை. பெருநகரத் தொலைக்காட்சிச் சந்தை இல்லாத சிற்றூர்களில் இருப்பதே அவற்றின் குற்றம். பழைய ஒன்றியத்தின் நிர்வாகத்தைத் தம் கையில் வைத்திருக்க அவை நீதிமன்றம் வரை போய் வென்றன. புதிய உறுப்பினர்களைச் சேர்த்து, 2026இல் அந்த ஒன்றியத்தை மீண்டும் கட்டியெழுப்பும் வேலையில் இறங்கின. பழைய பெயர் பிழைத்தது. பழைய அயல் பிழைக்கவில்லை.

சரி, போனவர் செழித்தாரா? யூ.சி.எல்.ஏ. தனது கடைசிப் பழைய ஒன்றியப் பருவமான 2023-24 நிதியாண்டை ஐம்பது மில்லியன் டொலருக்கு மேற்பட்ட பற்றாக்குறையோடு முடித்தது. புதிய வருமானம் வரத் தொடங்குகையில் புதிய செலவும் கூடவே வந்தது. 2025 ஜூன் மாதத்தில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட இணக்கத் தீர்வின்படி, பல்கலைக்கழகங்கள் முதலாம் ஆண்டில் சுமார் 20.5 மில்லியன் டொலர் வரை தம் வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். வீரர்களுக்குப் பங்கு கிடைப்பது நீதியே. நெடுங்காலம் மறுக்கப்பட்ட நீதி. ஆனால், கூடுதல் பணம் கடனைத் தீர்த்து எல்லா விளையாட்டுகளையும் வாழவைக்கும் என்று 2022இல் போட்ட கணக்கு அதனால் மேலும் இறுகிவிட்டது.

போனதை மீட்க முடியாது என்று கைகழுவவும் வேண்டியதில்லை. அமெரிக்கக் கால்பந்தாட்டத்தை மட்டும் தனியே பிரித்துத் தேசிய அளவில் நடத்தி, மற்ற விளையாட்டுகளை அயலவரோடு பழையபடி ஆடவிடலாம். 2023 டிசம்பரில் இந்த யோசனையைப் பேசியவர் வேறு யாருமல்லர்; அப்போது யூ.சி.எல்.ஏ.யின் அமெரிக்கக் கால்பந்தாட்டப் பயிற்றுநராக இருந்த சிப் கெலிதான். இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவும் அன்று. பிக் டென் ஒன்றியம் நடத்தாத நீர்ப்பந்தாட்டத்திலும் ஆண்கள் கரப்பந்தாட்டத்திலும் யூ.சி.எல்.ஏ. அணிகள் இன்றும் மேற்கு மாநில ஒன்றியமொன்றிலேயே ஆடுகின்றன. அவர்களுக்கு முடிந்தது மற்றவர்களுக்கு ஏன் முடியாது? விடுதலை கொடுக்க வேண்டியது ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டவர்கள்தான்.

நாளை இன்னொரு பல்கலைக்கழகம் இதே போல் வாசலில் நின்று யோசிக்கும். அதற்குச் சொல்ல வேண்டியவை சில. போவதாயின் கதவைத் திறந்து வைத்துப் பேசுங்கள். வருமானக் கணக்கோடு பயண நேரத்தின் கணக்கையும் மேசையில் வையுங்கள். அயலவனுக்கு நேரும் இழப்பையும் செலவுப் பத்தியில் எழுதுங்கள். பேர்க்லிக்கு ஈடு கொடுக்கச் சொன்ன அதே பேரவை, ஆறு மாதம் முன்னதாகக் கூடியிருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று எனக்கு நிச்சயமில்லை. ஆனால் அது முடிவாக இருந்திருக்கும். எடுத்த முடிவுக்குப் போட்ட முத்திரையாக இருந்திராது.

பாகப்பிரிவினை எந்தக் குடும்பத்திலும் நிகழக்கூடியதே. பாகம் பிரிக்கும்போது வீட்டில் உள்ள எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பிரிப்பதுதான் முறை.