கடனில்லாக் கல்யாணம்

(பன்னிரண்டாம் வகுப்பு மனையியல் பிரிவு மாணவியர்)

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்" என்றார்கள் நம் முன்னோர். இரண்டும் எத்துணைக் கடினமானவை என்று எச்சரிக்கவே அவ்வாறு சொன்னார்கள். அந்த எச்சரிக்கையைச் சவாலாக எடுத்துக்கொண்டவர்கள்போல, கையில் இருப்பதைக் கரைத்து, இல்லாததைக் கடன் வாங்கி, நான்கு நாள் பேச்சுக்காக நாற்பது மாதம் வட்டி கட்டுகிறவர்கள் இன்றும் நம் தெருக்களில் இருக்கிறார்கள்.

பள்ளி மாணவியர் திருமணத்தைப் பற்றி எழுதலாமா என்று பெரியோர் சிலர் முகம் சுளிக்கலாம். எங்களுக்குத் திருமண அவசரம் ஏதும் இல்லை. பெண்ணுக்கு 18 வயது நிறைய வேண்டும் என்கிறது சட்டம். எங்கள் ஆசையோ அதற்கும் அப்பால் படிப்பு, வேலை என்று நீள்கிறது. ஆயினும் எழுதுகிறோம். ஏனெனில், அக்காளின் கல்யாணக் கடனைப் பல வீடுகளில் அடைப்பவள் தங்கைதான்.

எங்களோடு பத்தாம் வகுப்பு வரை படித்த தோழி ஒருத்தி. கணக்கில் கெட்டிக்காரி. விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. சில மாதங்கள் கழித்துப் பேருந்து நிறுத்தத்தில் அவளைக் கண்டோம். கையில் சாப்பாட்டுத் தூக்கு. ஆயத்த ஆடைக் கம்பெனியில் வேலையாம். "ஏன்டீ படிப்பை விட்டுட்டே?" என்று கேட்டோம். அவள் சிரித்துக்கொண்டே, "எங்கக்கா கல்யாணத்துக்கு நான் வட்டி கட்டுறேன்டீ" என்றாள். அவள் சிரித்தாள், எங்களால் சிரிக்க முடியவில்லை.

அன்று மாலை அவளுக்குப் பிடித்த கணக்கை நாங்கள் போட்டுப் பார்த்தோம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்றால், ஒரு லட்சத்துக்கு மாதம் 3,000, ஆண்டுக்கு 36,000. மூன்று ஆண்டு முடியுமுன் வட்டியே முதலைத் தாண்டிவிடும். முதலோ அப்படியே நிற்கும்! மேடையில் வாடிய பூவை மறுநாள் காலையில் குப்பையில் கொட்டிவிடுகிறார்கள். அந்தப் பூவுக்கு வாங்கிய கடன் மட்டும் வாடுவதே இல்லை.

இந்நிலையில் சென்ற ஆண்டு எங்கள் வகுப்பிலேயே இன்னொரு தோழியின் அக்காளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. தகப்பனார் உப்பளத் தொழிலாளி. மழைக்காலம் வந்தால் உப்பளத்தில் வேலை இல்லை. வேலை இல்லையேல் கூலி இல்லை. அவர் கடன் கேட்டு வட்டிக்காரர் வீட்டுப் படியேறப் போகிறார் என்று தோழி அழுதாள். அடுத்து யாருடைய இடம் காலியாகும் என்பது எங்களுக்குச் சொல்லாமலே விளங்கியது. கைவேலை ஆசிரியையிடம் ஓடினோம். அவர்கள் எங்கள் கண்ணீரைத் துடைக்கவில்லை. ஒரு தாளையும் பென்சிலையும் தந்தார்கள். "முதலில் பட்டியல் போடுங்கள். எதைக் கையால் செய்யலாம், எதைச் செய்ய முடியாது என்று பிரியுங்கள்" என்றார்கள்.

பட்டியல் நான்கு தலைப்பில் அமைந்தது: அழைப்பிதழ், அலங்காரம், அன்பளிப்பு, ஆடை. கடைகளில் விலை விசாரித்தோம். அழைப்பிதழ் 300-க்கு 10,500 ரூபாய். மேடை அலங்காரம் 25,000. விருந்தினருக்குக் கொடுக்கும் பிளாஸ்டிக் டப்பா 300-க்கு 12,000. ஆரி வேலை செய்த சட்டையும், மணப்பெண்ணின் நெட் முக்காடும் சேர்த்து 11,000. ஆக மொத்தம் 58,500 ரூபாய்.

பின்னர் வேலையில் இறங்கினோம். வீடு தேடிச் சென்று அழைக்க வேண்டிய உறவினருக்கும் பெரியோருக்கும் மட்டும் 120 அழைப்பிதழ்களைக் கையால் செய்தோம். மற்றவர்களுக்கு அலைபேசியில் அனுப்பினார்கள். கெட்டித் தாள், பசை, நாடா, அச்சுப் படி எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய். முதல் நாற்பது அட்டைகளில் மாப்பிள்ளை பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிற்று. நாற்பதிலும் பேனாவால் புள்ளி வைத்தோம். "கையால் செய்தது என்றால் கோணலாக இருக்கலாம் என்று அர்த்தமில்லை, பிள்ளைகளே" என்று ஆசிரியை கண்டித்ததை மறக்க மாட்டோம்.

மேடைக்குத் தென்னங்குருத்து. குருத்து ஞாயிறன்று சிலுவையும் கிளியும் மடித்துப் பழகிய கைகள் அல்லவா நம்முடையவை! ஆண்டுக்கு ஒரு நாள் கோவிலில் காட்டும் அந்தத் திறமையைக் கல்யாணப் பந்தலுக்குக் கொண்டுவர நமக்கு ஏனோ தோன்றுவதில்லை. தோரணம், கிளிக்கூடு, ஓலைப் பந்து என்று பின்னித் தொங்கவிட்டோம். பின்னணிக்கு அக்கம்பக்கத்து அம்மாமார்களிடம் இரவல் வாங்கிய பட்டுச் சேலைகளை மடிப்பு மடிப்பாகக் கட்டினோம். காகிதப் பூக்களை முந்தின நாளே வாசலில் கட்டிவிட்டது எங்கள் பிழை. இரவில் பெய்த மழையில் பாதிப் பூக்கள் சாயம் கரைந்து தொங்கின. விடியற்காலையில் எழுந்து செம்பருத்தியும் அரளியும் பறித்துவந்து ஒப்பேற்றினோம். செலவு 4,200 ரூபாய்.

முக்காட்டின் ஓரத்துக்கு எங்களில் நால்வர் குரோஷா பின்னினார்கள். சட்டைக்குப் பூவேலை நாங்களே செய்தோம். நெட் துணி, நூல், தையற்கூலி எல்லாம் 2,300 ரூபாய். ஊசியும் நூலும் நம் பகுதிப் பெண்களுக்குப் புதியவை அல்ல. நாகர்கோயில் பக்கத்தில் 19-ஆம் நூற்றாண்டில் மிஷன் பள்ளிகளில் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னல், அந்நாளில் எத்தனையோ ஏழைப் பெண்களுக்குத் தம் கையால் சம்பாதித்த காசைத் தந்தது.

அன்பளிப்பில்தான் எங்களுக்குள் வாதம் எழுந்தது. பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதில் பனையோலைப் பெட்டி கொடுக்கலாம் என்றோம். மணப்பாடு போன்ற ஊர்களில் பெண்கள் பனங்குருத்தை உலர்த்தி, கிழித்து, சாயம் தோய்த்துப் பெட்டி முடைவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். ஆனால் 300 பெட்டி முடைய எங்களுக்கு நேரமும் இல்லை, அத்தனை தேர்ச்சியும் இல்லை. ஆகவே பக்கத்துக் கிராமத்தில் முடைகின்றவர்களிடமே ஒன்று 30 ரூபாய் வீதம் வாங்கினோம். எங்களில் ஒருத்தி, "இருபதுக்குக் கேளுங்கடீ" என்றாள். அப்போது பெட்டி முடைந்துகொண்டிருந்த பாட்டி விரல்களை விரித்துக் காட்டினார். ஓலை கிழித்துக் கிழித்து வெடித்துப் போன விரல்கள். அதன்பின் யாரும் பேரம் பேசவில்லை. 9,000 ரூபாய் பெட்டிக்கு. உள்ளே வைக்க வீட்டிலேயே செய்த கருப்பட்டி மிட்டாய்க்கு 2,400. இந்த இனத்தில் மிச்சமானது வெறும் 600 ரூபாய்தான்.

இதிலிருந்து ஓர் உண்மையைக் கற்றோம். கைவினைப் பொருள் என்றாலே மலிவு என்று எண்ணுவது தவறு. பத்தமடையில் கோரையை நீரில் ஊறவைத்து, மெல்லிய இழையாகக் கிழித்து, மணமக்களின் பெயரையே பாயில் நெய்து தருகிறார்களே, அதற்கு எத்தனை நாள் உழைப்பு! அதை அடிமாட்டு விலைக்குக் கேட்டு வாங்கிவிட்டு, "சிக்கனமாகக் கல்யாணம் முடித்தோம்" என்று பெருமை பேசினால், அது சிக்கனம் ஆகாது; நம் செலவை இன்னொரு ஏழையின் தலையில் இறக்கிவைப்பதுதான். ஒன்று, நாமே செய்வோம். இல்லையேல், செய்தவருக்கு உரிய கூலி கொடுப்போம். அந்தப் பணம் ஊரிலேயே ஓர் அடுப்பை எரிய வைக்கும்.

எளிமையை ஏழைமை என்று எண்ணுவோருக்கு ஒரு வரலாறு சொல்கிறோம். 1942-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் நாள் இந்திரா காந்தியின் திருமணம் நடந்தது. மணமகள் உடுத்தியது, தந்தை நேரு சிறையில் நூற்ற நூலால் நெய்த கதர்ச் சேலை. செல்வத்தில் குறைவில்லாத குடும்பம்தான். விலையுயர்ந்த பட்டு எடுக்க இயலாமல் அதை உடுத்தவில்லை. எத்தனையோ ஆடம்பரத் திருமணங்களின் சேலையை உலகம் மறந்துவிட்டது. அந்தக் கதர்ச் சேலையை மறக்கவில்லை.

நிற்க. எங்கள் கணக்குக்கு வருவோம். நான்கு இனத்துக்கும் நாங்கள் செலவிட்டது 19,300 ரூபாய். மிச்சம் 39,200. துள்ளிக் குதித்தோம். தோழியின் அக்காள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்கள்: "ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்கம்மா. ஆனா இது அரைப் பவுனுக்குக்கூடக் காணாதே."

எங்கள் துள்ளல் அடங்கிற்று. ஒரு பவுன் என்பது 8 கிராம். 2025-இல் அதன் விலை எண்பதாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. பத்துப் பவுன் போட்டு அனுப்ப வேண்டும் என்று ஒரு வீட்டார் பிடிவாதம் பிடித்தால், ஓலைத் தோரணமும் காகிதப் பூவும் என்ன செய்யும்? வாளியின் அடியில் ஓட்டை இருக்க, விளிம்பில் மெழுகு பூசிய கதைதான்!

ஆகையால் இக்கட்டுரையில் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுவே. கைவேலை நல்லது, ஆனால் கைவேலையால் மட்டும் கடன் தீராது. நகையும் வரதட்சணையும் குறையாமல் கல்யாணச் செலவு குறையாது. 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் கொடுப்பதையும் குற்றம் என்கிறது, வாங்குவதையும் குற்றம் என்கிறது. 1986-இல் செய்த திருத்தத்தின்படி ஐந்தாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனையும் உண்டு. சட்டம் ஏட்டில் இருக்கிறது. வரதட்சணையோ "நாங்க ஒண்ணும் கேக்கலை, உங்க பொண்ணுக்கு நீங்க போடுறதைப் போடுங்க" என்ற இனிய சொல்லில் ஒளிந்துகொண்டு வருகிறது. கேட்காமல் கேட்கும் இந்தக் கேள்விக்கு அஞ்சித்தான் தகப்பன்மார் வட்டிக்காரர் படியேறுகிறார்கள்.

தோழியின் அக்காள் அஞ்சவில்லை. மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கத் தொடங்குமுன்பே மாப்பிள்ளையோடும் அவருடைய தாயாரோடும் நேரில் பேசினார்கள். அம்மாவின் பழைய சங்கிலி, மந்திரித்த தாலி, இவை மட்டும் போதும் என்றார்கள். தங்கையின் படிப்பு நிற்கக் கூடாது என்பதையும் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்கள். மாப்பிள்ளை சம்மதித்தார், தாயார் இரண்டு நாள் யோசித்துச் சம்மதித்தார். மாலை வரவேற்பை விட்டுவிட்டு, காலைத் திருப்பலிக்குப் பின் ஒரே பந்தியாக விருந்து வைத்தார்கள். தெருவார் கூடிக் காய் நறுக்கினார்கள்.

"ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்ட அத்தைமார் இருந்தார்கள். ஊர் சொல்லத்தான் செய்தது. "பொண்ணு கழுத்து வெறிச்சுன்னு இருக்கே" என்றது ஒரு குரல். ஆனால் வட்டி கட்டும் நாளில் அந்த ஊர் வந்து உதவுமா? கானாவூர்க் கல்யாணத்தில் இரசம் தீர்ந்துபோனதை முதலில் கண்டுகொண்டவர் நம் அன்னை மரியாள். அவர் அக்குறையை ஊரறியப் பேசவில்லை. உதவக் கூடியவரிடம் மட்டும் மெல்லச் சொன்னார். கல்யாண வீட்டுக்குச் செல்கிற நமக்கு இதைவிட நல்ல பாடம் வேறு உண்டோ? குறை கண்டால் குசுகுசுப்பதை விட்டு, ஒரு குடம் நீர் மொண்டு ஊற்றுவோமே!

பெற்றோரே, "மகளுக்குக் குறை வைத்தோம் என்று பேச்சு வரக் கூடாது" என்கிறீர்கள். உங்கள் பாசத்தை அறிவோம். ஆனால் மூத்தவளுக்குக் குறை வைக்காமல் இளையவளின் பாடப்புத்தகத்தைப் பறிப்பது எந்த வகையில் நீதி? எங்களுக்குப் பவுன் சேர்க்காதீர்கள், படிப்பைச் சேருங்கள். அண்ணன்மாருக்குப் பெண் பார்க்கும் தாய்மாரே, வாங்கும் வீட்டில் நீங்கள் நிற்கும்போதும் இதையே நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளி அருட்சகோதரிகளிடமும் முன்னாள் மாணவியரிடமும் ஒரு வேண்டுகோள். நாங்கள் பின்னிய முக்காடும், மேடைக்குத் தைத்த திரையும் இப்போது கைவேலை அறைப் பெட்டியில் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றோடு இன்னும் சில சேர்த்து, தேவைப்படும் மாணவியர் வீட்டுத் திருமணங்களுக்கு வாடகையின்றித் தரும் ஏற்பாட்டைத் தொடங்கலாகாதா? ஆண்டுதோறும் ஒவ்வொரு வகுப்பும் ஒரு பொருள் செய்து சேர்த்தால் போதும். ஒருத்தி உடுத்தியதை இன்னொருத்தி உடுத்துவதில் இழிவு இல்லை. அவளும் நம் அக்காள், இவளும் நம் அக்காள்.

தோழியரே! ஊசி பிடிக்கக் கற்போம். ஓலை மடிக்கக் கற்போம். அவற்றினும் மேலாக, "எனக்கு இவ்வளவு போதும்" என்று நம் வீட்டாரிடமும் வரப்போகிறவர் வீட்டாரிடமும் வாய் திறந்து சொல்லக் கற்போம்.

உப்பளத் தொழிலாளியின் அந்த இளைய மகள் படிப்பை நிறுத்தவில்லை. இந்தக் கட்டுரையின் கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுத்தவளும் அவளே. பேருந்து நிறுத்தத்தில் கண்ட தோழியையும் நாங்கள் விட்டுவிடவில்லை. தனித்தேர்வராக எழுதலாம் என்று சொல்லி, எங்கள் பதினோராம் வகுப்புப் புத்தகங்களை அவள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம். வட்டி இன்னும் முடியவில்லையாம். ஆயினும் புத்தகங்களுக்கு அவள் அட்டை போட்டு வைத்திருக்கிறாள்.