பிணை இல்லாதவரின் முதல்

தொழிற்கடன் கேட்டு வருபவரிடம் வங்கியர் எழுப்பும் முதல் வினாக்களுள் ஒன்று, "பிணையாக எதைத் தருவீர்கள்?" என்பதாகும். வீட்டுப் பத்திரமோ மனைப் பத்திரமோ கையில் உள்ளவர் நிமிர்ந்து அமர்கிறார். இல்லாதவர் எழுந்து போக ஆயத்தமாகிறார். இவ்வினாவில் தவறில்லை. நாம் கடனாக வழங்குவது நமது பணமன்று. வாடிக்கையாளர்களாகிய நீங்கள் நம்பி ஒப்படைத்த சேமிப்பு. ஆயினும், இதற்கு விடையளிக்க இயலாத ஒருவர் தொழில் நடத்தத் தகுதியற்றவர் என்று முடிவு செய்வது சரியாகுமா? நமது பெங்களூரைச் சேர்ந்த தொழிலதிபர் ராஜா நாயக் அவர்களின் வாழ்க்கை இந்த ஐயத்தை நம்முன் வைக்கிறது.

ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்து பெங்களூரில் வளர்ந்தவர் அவர். 1978இல் வெளியான 'திரிசூல்' என்னும் இந்தித் திரைப்படத்தில், வெறுங்கையுடன் நகருக்கு வரும் நாயகன் கட்டுமானத் தொழிலில் பெருஞ்செல்வனாக உயர்வான். அதைக் கண்டு, தம்மாலும் அவ்வாறு உயர இயலும் என்று நம்பியவர், 17 வயதில் வீட்டைவிட்டு மும்பைக்குச் சென்றார். அங்கு எதுவும் கைகூடவில்லை, திரும்பி வந்தார். பின்னர் நண்பர் ஒருவருடன் திருப்பூருக்குச் சென்று, ஏற்றுமதியில் மிஞ்சிய சட்டைகளை 50 ரூபாய் வீதம் வாங்கிவந்து, பெங்களூர் நடைபாதையில் 100 ரூபாய்க்கு விற்றார்.

வணிகவியல் பயின்ற நமக்கு அந்த நடைபாதைக் கடை ஒரு பாடமாகவே தோன்றுகிறது. சரக்கு எங்கே மலிவாகக் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வாங்குபவர் என்ன விலை தருவார் என்பதும் தெரிந்திருந்தது. கையில் காசு வாங்கிக்கொண்டு விற்கும் இடத்தில் நிலுவைக்கு இடமில்லை. இந்த அறிவே அவருடைய முதல். ஆனால், இதை எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் அடமானமாகப் பதிவு செய்ய இயலாது.

பின்னாளில் அவர் எம்.சி.எஸ். லாஜிஸ்டிக்ஸ் என்னும் சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தை உருவாக்கினார். அட்டைப்பெட்டித் தயாரிப்பிலும் குடிநீர்த் தயாரிப்பிலும் கால்பதித்தார். கலாநிகேதன் கல்விச் சங்கத்தின் வாயிலாகப் பள்ளிகளை நடத்தினார். மிலிந்த் காம்ப்ளே 2005இல் புனேவில் தொடங்கிய தலித் இந்திய வணிக, தொழில் கூட்டமைப்பின் கர்நாடகக் கிளைக்குத் தலைமையும் வகித்தார்.

இத்தகைய வாழ்க்கைகள் ஏன் அரிதாக உள்ளன? பிணையாக வைக்கும் சொத்து பெரும்பாலும் முன்னோர் வழியாக வருவது. நிலம் வைத்திருக்கவும் கடைத்தெருவில் சரிசமமாக நின்று வணிகம் செய்யவும் தலைமுறை தலைமுறையாகத் தடுக்கப்பட்டவரின் பேரன் பத்திரத்துடன் வருவான் என்று எங்ஙனம் எதிர்பார்ப்பது? வினா எல்லாருக்கும் ஒன்றே. அதன் சுமை எல்லாருக்கும் ஒன்றன்று.

அமெரிக்கக் கறுப்பின மக்களும் இதே சுவரில் முட்டியவர்களே. வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில், துணி வெளுத்துப் பிழைத்த தாயின் மகளான மேகி லீனா வாக்கர், 1903இல் செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். அந்நாட்டில் உரிமம் பெற்று ஒரு வங்கியை நிறுவி, அதற்குத் தலைவரான முதல் கறுப்பினப் பெண் அவரே. எளிய உழைப்பாளர்கள் போட்ட சில்லறைக் காசுகளைச் சேர்த்து, கறுப்பினக் குடும்பங்கள் வீடு வாங்கக் கடன் வழங்கினார். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேறு இரு கறுப்பின வங்கிகளுடன் இணைந்து அவ்வங்கி பிழைத்தது; 1934இல் வாக்கர் மறைந்த பின்னும் பல பத்தாண்டுகள் இயங்கியது. பிறர் மதிப்பில்லாதவர் என்று ஒதுக்கியவர்களைக் கொண்டே ஒரு வங்கி நிலைத்து நிற்க முடிந்தது என்பது வங்கியர் நினைவில் கொள்ளத்தக்கது.

இதை எழுதும்போது நமது தவறு ஒன்றும் நினைவுக்கு வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய கிளையொன்றுக்கு, பீன்யா பகுதி லேத் பட்டறையில் கூலிக்கு வேலை செய்துவந்த இளைஞர் ஒருவர் வந்தார். பழைய லேத் இயந்திரம் ஒன்று வாங்கித் தாமே தொழில் தொடங்க 4 லட்சம் ரூபாய் கேட்டார். அவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. வேலை நேரம் போகத் தாம் தனியே செய்து கொடுத்த பணிகளையும், கொடுத்த தேதிகளையும், வந்த பணத்தையும் அதில் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார். நாம் அதைத் திறக்கவில்லை. பிணை உண்டா என்று கேட்டோம், அவர் போய்விட்டார்.

குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் பிணை கேட்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2010இலேயே பணித்திருந்தது. கடன் திரும்பாவிடில் இழப்பின் பெரும்பகுதியை ஏற்கும் உத்தரவாத நிதியம் 2000ஆம் ஆண்டிலேயே அமைந்துவிட்டது. ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடி வகுப்பினர் ஒருவருக்கும் பெண் ஒருவருக்குமாவது, 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை புதுத்தொழில் கடன் வழங்க வேண்டும் என்று 2016இல் 'ஸ்டாண்ட் அப் இந்தியா' திட்டம் வகுத்தது. விதி கதவைத் திறந்து வைத்திருந்தது. நாம்தான் பழக்கத்தால் அதை மூடினோம்.

பிணையற்ற கடன் வாராக்கடனாகிவிடும் என்ற அச்சம் பொருளற்றதன்று. ஆனால், தொழில் தோற்றால் எவ்வளவு மீளும் என்பதை மட்டுமே பிணை சொல்லும். தொழில் வெல்லுமா என்பதைச் சொல்லாது. அதை அறிய விற்பனைக் கணக்கையும், ஒப்புக்கொண்ட வேலையைக் குறித்த நாளில் முடிக்கும் பழக்கத்தையும், தொழிலறிவையும் ஆராய வேண்டும். பட்டறைக்கு நேரில் சென்று பார்க்க வேண்டும். பத்திரத்தைப் புரட்டுவது இவற்றைவிட எளிது. அந்த எளிமையின் பொருட்டு நல்ல தொழில்முனைவோரை இழப்பது வங்கிக்கும் நட்டம், நாட்டுக்கும் நட்டம் என்பதே நமது கருத்து.

கடன் நாடி வருவோருக்கு ஒரு வேண்டுகோள். பத்திரம் இல்லையே என்று தயங்காதீர்கள். வரவு செலவுக் கணக்கையும், வங்கிப் பரிமாற்ற விவரங்களையும், கையில் உள்ள ஆர்டர்களையும் எழுதிக் கொண்டுவாருங்கள். எதிரே அமர்ந்திருக்கும் அதிகாரி உங்கள் நோட்டுப் புத்தகத்தைத் திறக்காவிடில், திறந்து பார்க்குமாறு கேளுங்கள். அன்று அந்த இளைஞர் அவ்வாறு கேட்டிருந்தால், நாம் மறுத்திருக்க இயலாது.