ரோமாபுரிக்கு ஒரு கால அட்டவணை

இருபது வருஷ காலமாக நாம் வகுப்பறையில் ரோமாபுரியைக் கட்டியும் இடித்தும் வந்திருக்கிறோம். திங்கட்கிழமை முதல் பாடவேளையில் அகஸ்டஸ் சக்கரவர்த்தி பதவிக்கு வருவார். வெள்ளிக்கிழமை கடைசி மணி அடிப்பதற்குள் சாம்ராஜ்யம் வீழ்ந்துவிடும். கரும்பலகையில் நாம் வரையும் கொலோசியம், மாணவர்களின் அபிப்பிராயத்தில், ஒரு பக்கம் கடித்துவிட்ட முறுக்கைப் போல் இருக்கும். அந்த முறுக்கின் அசலை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது நமது நெடுநாளைய ஆசை.

பத்து வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் இவ்வருஷம் கைக்கு வந்தது. வரும் கோடை விடுமுறையில் சகதர்மிணியும், பதினான்கு வயதுப் புதல்வனும், நாமும் ஐந்து நாள் ரோமாபுரியில் தங்குவதென்று தீர்மானமாயிற்று. ‘தீர்மானமாயிற்று’ என்று எழுதுவது சுலபம். உண்மையில் நாம் தீர்மானித்தோம். மற்ற இருவருக்கும் அறிவித்தோம்.

சகதர்மிணிக்குக் காசி யாத்திரை போகவேண்டும் என்பது கல்யாணமான நாள் முதல் உள்ள எண்ணம். தம் தாயாரையும் அழைத்துக்கொண்டு போவதாக இருந்தார். ஒவ்வொரு வருஷமும் விடைத்தாள் திருத்தும் வேலையோ, வேறு ஏதாவது ஒன்றோ நமக்குக் குறுக்கே வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் அந்த அம்மாள் காலமாகிவிட்டார். ஆகையால், ரோமாபுரி என்று நாம் சொன்னதும், “சரி” என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை சொற்கள் அடங்கியிருந்தன என்பதை அப்போது நாம் கவனிக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக் கால அட்டவணை தயாரிப்பதில் நமக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. அந்தக் கர்வத்துடன் கோடு போட்ட பெரிய காகிதத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். இரண்டு இரவுகளில் வேலை முடிந்தது. ஐந்து நாட்களில் முப்பத்தோர் இடங்கள்! காலை ஏழு மணிக்கு ஆரம்பம், இரவு ஒன்பது மணிக்கு முடிவு. ஒவ்வோர் இடத்துக்கும் நாற்பது நிமிஷம், அதாவது சரியாக ஒரு பாடவேளை. நடுவில் ஒரு நாள், ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடும் வேக ரயிலில் பிளாரன்ஸ் நகருக்கு ஓடிப்போய்த் திரும்புவதும் அதில் அடக்கம்.

இந்த அட்டவணையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லத்தான் வேண்டும். நாள் பார்த்த விஷயத்தில் அது பிசகவில்லை. நம் பெரியவர்கள் பிரயாணம் கிளம்புமுன் எந்தக் கிழமையில் எந்தத் திசைக்குச் சூலம் என்று பஞ்சாங்கத்தைப் பார்ப்பார்கள். ரோமாபுரிக்கும் சூலம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வாடிகன் காட்சிசாலைகள் மூடப்பட்டிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் காலையில் இலவசமாகத் திறப்பார்கள். இலவசம் என்றால் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமை போர்கேசே மாளிகைக் காட்சிசாலைக்கு விடுமுறை. புதன்கிழமை காலை போப்பாண்டவர் பொதுமக்களுக்குத் தரிசனம் அளிக்கும் வேளை. செயின்ட் பீட்டர் ஆலயத்து முன்வாசல் அன்று ஜனசமுத்திரமாக இருக்கும். சிறு தேவாலயங்கள் பலவும் நடுப்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் கதவைச் சாத்திவிடும். ஆகவே, செவ்வாய்க்கிழமை போய் இறங்கி, சனிக்கிழமையோடு முடித்துக்கொள்கிறவர்களுக்குப் பெரும்பாலான சூலங்கள் விலகிவிடுகின்றன. மாதம் மே, ஜூலை, ஆகஸ்டு மாதங்களின் வெயிலும் இல்லை. மே முதல் தேதி அங்கே பொது விடுமுறையாதலால் இரண்டாவது வாரத்தைத் தேர்ந்துகொண்டோம்.

விசா விஷயமும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதே. இத்தாலிக்கு ஷெங்கன் விசா வேண்டும். பிரயாணத்துக்கு ஆறு மாதத்துக்கு முந்தி விண்ணப்பிக்க முடியாது. பதினைந்து நாளாவது இருக்கும்போது விண்ணப்பித்துவிட வேண்டும். தங்கும் இடத்துக்கு அத்தாட்சி, பாங்குக் கணக்கு, 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்திய இன்ஷூரன்ஸ், நம்மைப் போன்ற உத்தியோகஸ்தர்களாயின் விடுப்புக் கடிதம் ஆகிய யாவும் கேட்பார்கள். கட்டணம் 2024 ஜூன் முதல் தலைக்கு 90 யூரோ என்றாயிற்று. பன்னிரண்டு வயது நிறைந்துவிட்டால் சிறுவர் சலுகை கிடையாது. தன்னைப் பெரிய மனிதனாக முதல் முதலில் அங்கீகரித்தது இத்தாலி சர்க்கார்தான் என்று புதல்வனுக்கு வெகு சந்தோஷம். பணம் கட்டியது நாம்.

ஒரு நாள் இரவு, சாப்பாடு முடிந்த பிறகு, அட்டவணையை உரக்க வாசித்தோம். கொலோசியத்தைக் கட்டத் தொடங்கிய வெஸ்பேசியன், கி.பி. 80-ல் அதைத் திறந்து வைத்த அவர் மகன் டைட்டஸ், சிஸ்டைன் சிற்றாலயத்தின் மேற்கூரையில் 1508 முதல் 1512 வரை சித்திரம் தீட்டிய மைக்கேலாஞ்சலோ, 1506-ல் ஆரம்பித்து 1626-ல் பிரதிஷ்டை செய்த செயின்ட் பீட்டர் ஆலயம் எல்லாவற்றையும் பிரசங்கித்தோம். சகதர்மிணி பொறுமையாகக் கேட்டார். பிறகு, “எல்லாம் சரி. இதில் உட்காருகிற இடம் எது?” என்றார்.

இதற்கும் நம்மிடம் பதில் இருந்தது. “ஸ்பானியப் படிகள்! வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி. உலகப் பிரசித்தமான படிக்கட்டு” என்றோம்.

புதல்வன் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “அப்பா, 2019-லிருந்து அந்தப் படியில் உட்காரக் கூடாதாம். உட்கார்ந்தால் அபராதமாம்” என்றான்.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. சகதர்மிணி பாத்திரங்களை எடுத்துக்கொண்டு எழுந்தார். “உங்கள் பள்ளிக்கூடத்தில்கூட வாத்தியார்களுக்கு ஓய்வு வேளை என்று ஒன்று உண்டே” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்றிரவு நமக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வரும் இன்ஸ்பெக்டர் ஒருவர் நினைவுக்கு வந்தார். காலை பத்து மணிக்கு வந்து, ஒரு மணிக்குள் இருபது வகுப்புகளையும் பார்த்துவிடுவார். எல்லா வகுப்புகளையும் பார்த்ததாகக் கையெழுத்தும் போடுவார். ஒரு பிள்ளையின் பெயராவது அவருக்குத் தெரியாது. நாமும் ரோமாபுரியைத் தணிக்கை செய்யத்தானே புறப்பட்டிருக்கிறோம்? அதைவிட உறுத்தியது வேறொன்று. முப்பத்தோர் இடங்களில் ஒன்றையாவது மற்ற இருவரையும் கேட்டு எழுதவில்லை. காசியைத் தள்ளிப் போட்டபோதும் நாம் கேட்கவில்லை.

மறுநாள் காலை அட்டவணையை மடித்து வைத்துவிட்டு, ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்தோம். “ஐந்து நாளில் ஒன்றே ஒன்றுதான் பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பாய் என்று எழுதுங்கள்” என்றோம்.

புதல்வன் உடனே எழுதினான்: கொலோசியத்தின் தரைக்கு அடியில் மிருகங்களை அடைத்து வைத்திருந்த நிலவறைகள். அதற்குத் தனிச் சீட்டு. வெகு முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும்.

நம்முடையது மிளகு. பழைய ரோமாபுரியின் மன்றத்தருகே, மாக்ஸென்டியஸ் மண்டபத்தின் அடியில், டொமிஷியன் சக்கரவர்த்தி காலத்து மிளகுக் கிடங்கின் எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. சேர நாட்டுக் கரையிலிருந்து மரக்கலம் ஏறிய மிளகு போய்ச் சேர்ந்த இடம் அது. அதற்கு ஈடாக வந்த ரோமானிய நாணயங்கள் கொங்கு நாட்டில் இன்றும் புதையலாக அகப்படுகின்றன. இருபது வருஷமாகச் சக்கரவர்த்திகளைப் பற்றிப் பேசிய நாம், நம் வீட்டு ரசத்தில் விழுகிற மிளகைப் பற்றி வகுப்பில் ஒரு நாளும் பேசியதில்லை. கிடங்கிருந்த இடத்தின் அருகிலாவது போய் நிற்க வேண்டும்.

சகதர்மிணியின் காகிதம் மறுநாள்தான் வந்தது. நாம் வாங்கிவந்து மூலையில் வைத்திருந்த வழிகாட்டிப் புஸ்தகத்தை இதற்குள் அவர் படித்து முடித்திருந்தார். காகிதத்தில் இரண்டே சொற்கள்: “நவோனா. கங்கை.”

விஷயம் இதுதான். நவோனா சதுக்கத்தின் நடுவில் பெர்னினி என்ற சிற்பி அமைத்து 1651-ல் முடித்த நீரூற்று ஒன்று உண்டு. நான்கு கண்டங்களுக்கு அறிகுறியாக நான்கு மகாநதிகளை அதில் வடித்திருக்கிறார்: டான்யூப், நைல், தென் அமெரிக்காவின் பிளாட்டா, நம் கங்கை. மூலம் எங்கே என்று அக்காலத்தில் அறியப்படாததால் நைல் நதி தலையைத் துணியால் மூடிக்கொண்டிருக்கிறது. கங்கை, தாடியுடன் கூடிய ஓர் ஆண்மகன், கையில் துடுப்பு.

“கங்காமாதாவை ஆணாக்கிவிட்டார்கள். இருந்தாலும் போய்ப் பார்க்கலாம். சதுக்கத்தில் உட்கார பெஞ்சும் இருக்கிறதாம்” என்றார் சகதர்மிணி.

புதிய அட்டவணை இந்த மூன்று துண்டுக் காகிதங்களிலிருந்து எழுந்தது. ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், அதுவும் காலையில். பிற்பகலுக்கு அதன் அக்கம்பக்கத்தில் நடந்து போகக்கூடியவை மட்டும். செவ்வாய் இறங்கிய அன்று மாலை, வேறொன்றுமில்லை, நவோனா சதுக்கம். புதன், கொலோசியமும் மன்றமும் மிளகும். வியாழன், வாடிகன், தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும் என்ற அங்குள்ள விதி புடவைக்கு ஓர் இடையூறும் செய்யாது. வெள்ளி, போர்கேசே மாளிகை. அங்கே முன்பதிவு செய்தவர்களுக்கே அனுமதி, அதுவும் இரண்டு மணி நேரந்தான். நம் பழைய அட்டவணையைவிடக் கண்டிப்பானவர்கள் அவர்கள். சனி காலை பாந்தியன். அதன் கூரை 43 மீட்டர் அகலமுள்ள ஒரே கவிகை. உச்சியில் திறந்த வட்டத் துவாரம். மழை பெய்தால் தண்ணீர் நேரே தரையில் விழுந்து வடிகால் வழியாய்ப் போகும். 2023 வரை சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு இலவசமாயிருந்த இதற்கும் அவ்வருஷம் கட்டணம் ஏற்பட்டுவிட்டது. ஆயினும் நகரெங்கும் தெருவோரத்தில் இரவும் பகலும் குடிநீர் ஒழுகும் இரும்புக் குழாய்கள் இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அவற்றுக்குக் காசு இல்லை. ஆளுக்கொரு கூஜா கொண்டுபோனால் போதும்.

சனிக்கிழமை பிற்பகல் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. அது ஓய்வு வேளை. முப்பத்தொன்று ஒன்பதாகக் குறைந்தது. நம்மைப் பொறுத்தவரையில் நீக்கிய ஒவ்வொரு பெயரும் பல் பிடுங்கியதுபோல்தான் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. முக்கியமாக, பிளாரன்ஸ்.

அந்தப் பிளாரன்ஸுக்கு வைத்திருந்த ரயில் கட்டணத்தையும் அன்றைய காட்சிசாலைச் செலவையும் கூட்டிப் பார்த்தோம். மூவரும் காசிக்கு ரயிலில் போய்வர அது போதும் என்று கணக்கு சொல்லிற்று. அரையாண்டுப் பரீட்சை விடுமுறையைத் தேர்ந்து, அட்டவணையின் அடியில் ‘டிசம்பர் – காசி’ என்று எழுதி, அதன் கீழ் ஐந்து கட்டங்கள் கோடு போட்டோம். விடைத்தாள் திருத்துவதற்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படி தலைமையாசிரியரிடம் இப்போதே சொல்லியாயிற்று.

அந்த ஐந்து கட்டங்களையும் நாம் நிரப்பவில்லை. பென்சிலைச் சகதர்மிணியிடம் கொடுத்துவிட்டோம்.