தோட்டாவுக்கும் வயசு உண்டு!



கௌபாய் படம் பார்க்காத மெக்கானிக்கல் மாணவன் உண்டா? குதிரை, தூசி, டுமீல்! கைதட்டிவிட்டு வந்துவிடுகிறோம். ஆனால் அந்தத் துப்பாக்கிக்குள் போன தோட்டா எந்த வருஷத்துத் தோட்டா என்று கேட்டதுண்டா?

1956-ல் வெளியான ‘தி சர்ச்சர்ஸ்’ படம் ‘டெக்ஸாஸ் 1868’ என்ற எழுத்தோடு ஆரம்பிக்கிறது. ஜான் வெய்ன் கையில் இருப்பதோ வின்செஸ்டர் 1892 மாடல்! இன்னும் 24 வருஷம் கழித்துப் பிறக்க வேண்டிய துப்பாக்கி.

1966-ல் வந்த ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ கதை அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862-ல் நடக்கிறது. கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் பெல்ட்டில் வரிசையாகப் பித்தளைத் தோட்டாக்கள். அன்றைய கோல்ட் ரிவால்வரில் அவை நுழையவே நுழையாது. உருளையை முழுக்கத் துளைத்துப் பின்னாலிருந்து தோட்டா போடும் முறைக்கான காப்புரிமை 1869 வரை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி வசம் இருந்தது.

அப்போ எப்படிச் சுட்டாங்க? ஒவ்வோர் அறையிலும் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து இறுக்கி, பின்னால் நம்ம தீபாவளிக் கேப் மாதிரி சின்னத் தொப்பி ஒன்று மாட்ட வேண்டும். ஆறு குண்டுக்கு ஆறு தடவை! ஒவ்வொரு குண்டையும் எண்ணிச் சுட வேண்டிய காலம் அது. படமோ சாவைச் சுலபமான வேலையாகக் காட்டிவிட்டது.

ஹாலிவுட்டின் சௌகரியம் புரியாமல் இல்லை. ‘ஃபைவ் இன் ஒன்’ என்ற ஒரே வெற்றுத் தோட்டா ரைஃபிளிலும் ரிவால்வரிலும் பொருந்தும். வேலை மிச்சம்.

“சினிமாதானே, விடுப்பா” என்பார்கள். நான் விட மாட்டேன். எங்கள் வீட்டில் படிப்புக்காக வாசல் தாண்டிய முதல் ஆள் நான். எங்க அப்பா அறிந்த வெளிநாட்டுச் சரித்திரம் எல்லாம் திரையில் பார்த்ததுதான். படித்தவன் தப்பைக் கண்டுபிடித்துச் சிரித்துக்கொள்வான். படிக்காதவர் நம்பிவிடுவார். அந்த நம்பிக்கைக்கு யார் பதில் சொல்வது?

1860-ல் 16 தோட்டா கொள்ளும் ஹென்றி ரைஃபிள். 1866-ல் பக்கவாட்டு வாசல். 1873-ல் நடுவில் அடிபடும் புதுத் தோட்டா. ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒரு பட்டறையில் எண்ணெய்க் கையோடு உழைத்தவர்கள் உண்டு. வரிசையைக் குழப்பினால் அந்த உழைப்பு மறைந்துபோகும்.

வருஷம் போடாமல் கதை சொல்லுங்கள், கேட்க மாட்டேன். வருஷம் போட்டால், அந்த வருஷத்துத் தோட்டாவைக் கொடுங்கள்! லேத்தில் அரை மில்லிமீட்டர் தப்பினால் நமக்கு மார்க் போகிறது. 24 வருஷம் தப்பினவருக்கு மட்டும் கைதட்டலா?