முதலில் மூச்சு, பிறகு நீச்சல்

ரயிலே இல்லாத அந்தமானில் ரயில்வேக்காரருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. பணி ஓய்வுக்குப் பின் மகள் வீட்டோடு வந்துவிட்ட எனக்குச் சென்ற கோடையில் ஒரு வேலை கிடைத்தது: பேத்திக்கு நீச்சல் பழக்குவது.

சுற்றிலும் கடல். ஆனால் நம் தமிழ்க் குடும்பங்களில் எத்தனை பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியும்? 2004 சுனாமிக்குப் பிறகு, 'தண்ணிப் பக்கமே போகாதே' என்பதுதான் பல வீடுகளில் சட்டம். அந்த அலையை எந்த நீச்சலும் வென்றிருக்காது என்பது உண்மை. ஆனால் படகுத்துறையில் கால் வழுக்கும் பிள்ளைக்கு அந்தச் சட்டம் உதவாது.

ஊரில் என் மாமா என் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டார். நான் எப்படியோ தேறினேன். அடுத்துத் தள்ளப்பட்ட என் தம்பி இன்றுவரை முழங்கால் அளவுக்கு மேல் தண்ணீரில் இறங்குவதில்லை. இதையும் நல்ல முறை என்று பெருமை பேசுகிறோம்! தண்டவாள வேலைக்குப் புதிதாக வருபவர் கையில் நாங்கள் உடனே சம்மட்டியைக் கொடுத்ததில்லை. வண்டி வந்தால் எப்படி ஒதுங்குவது என்பதே முதல் பாடம்.

நீச்சலிலும் கைவீச்சு பிறகுதான். குளத்தின் ஆழமற்ற பக்கத்தில் நின்று, முகத்தை அமிழ்த்தி, மூச்சைக் குமிழியாக விடப் பழக வேண்டும்.

"தாத்தா, மூக்குக்குள்ள தண்ணி போகாதா?"

"ஊதிக்கிட்டே இருந்தா போகாதும்மா."

இதற்கே நான்கு நாள் ஆயிற்று. நடுவில் எனக்குக் கோபமும் வந்தது. அடுத்தது மிதப்பு. மூச்சை நிறைய இழுத்துப் பிடித்தால் பெரும்பாலோர் உடல் நன்னீரிலேயே மிதக்கும். கடல்நீர் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது, அதில் இன்னும் எளிது. தலையைத் தூக்கினால் கால் தாழும். பயந்தவர் செய்வது அதைத்தான்.

நம் வங்கக்கடலின் வடகரையில், வங்காளதேசத்தில், 'ஸ்விம்சேஃப்' திட்டத்தில் ஊர்க்குளங்களிலேயே மூங்கில் மேடை கட்டி, உள்ளூர்க்காரர்களையே பயிற்றுநர்களாக்கிச் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும், தத்தளிப்பவரைத் தான் குதிக்காமல் கழி நீட்டி இழுக்கத் தெரிய வேண்டும். அவ்வளவே தேர்வு. 2021இல் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. 6 வயது முதல் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கச் சொல்வதும் அதே நிறுவனம்தான்.

பொங்கலுக்குக் கோலப்போட்டி நடத்தும் நம் சங்கம், ஞாயிறு காலைகளில் இதற்கும் ஏற்பாடு செய்யலாமே. குளத்தில்தான் தொடங்க வேண்டும். நீரோட்டமும் முதலையும் உள்ள கடலோரம் பள்ளிக்கூடம் ஆகாது. தாய்மார்களையும் சேர்க்க வேண்டும். கரையில் நின்று அம்மா அலறினால் தண்ணீரில் நிற்கும் பிள்ளை எங்கே மூச்சு விடும்?

என் மகள் சென்ற ஞாயிறு முதல் குமிழி விடப் பழகுகிறாள். மாப்பிள்ளை மட்டும் இன்னும் துண்டோடு கரையில் உட்கார்ந்திருக்கிறார்.