வள்ளி பாடினாள், நாரதர் கச்சேரி செய்தார்

சென்ற சனிக்கிழமை மாலை நமது ஊர் நாடக சபையார் நடத்திய 'வள்ளி திருமண'த்துக்குச் சென்றிருந்தோம். நடித்தவர்கள் அனைவரும் அமெச்சூர்கள். முருகன் பகலில் பாங்கிக் குமாஸ்தா. நாரதர் மருந்துக் கடைக்காரர். வள்ளியோ ஆரம்பப் பாடசாலை உபாத்தியாயினி. ஆறரை மணிக்கென்று அச்சிட்டிருந்தார்கள். ஏழேகாலுக்குத் திரை உயர்ந்தது. இதைப் பற்றிக் குறை கூறப் போவதில்லை. கூறிக் கூறி நாமே அலுத்துவிட்டோம்.

நாரதர் பிரவேசித்ததும் ராக ஆலாபனை ஒன்றை ஆரம்பித்தார். சாரீரம் நன்றாகவே இருந்தது. அவரும் ஆர்மோனியக்காரரும் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு மேல் ஸ்தாயியில் ஏறினார்கள். கால் மணி நேரம் கழிந்தது. தினைப்புனத்தில் வள்ளி இருக்கும் செய்தியை முருகனிடம் சொல்ல வந்தவர், வந்த காரியத்தை அடியோடு மறந்துவிட்டார். முருகனும் வேலைப் பிடித்தபடி நின்று கால் மாற்றிக்கொண்டார். சபையில் ஆங்காங்கே கைப்பேசிகள் ஒளிவிடத் தொடங்கின.

பிறகு வள்ளி வந்தாள். பரண்மீது நின்று ஆலோலம் பாடினாள். பெரிய சங்கீதம் என்று சொல்வதற்கில்லை; ஓரிடத்தில் ஸ்ருதிகூடச் சற்று விலகிற்று. ஆனால், பாடிக்கொண்டே கையை உயர்த்தி அவள் பார்த்த திசையில் உண்மையாகவே பறவைகள் இருந்தன! நமக்கு முன்னால் அமர்ந்திருந்த ஒரு பாட்டியம்மாள் அண்ணாந்து பார்த்ததை நாமே கண்டோம். கைப்பேசிகள் அணைந்தன.

இவ்விரண்டுக்கும் உள்ள பேதம் என்ன? நாரதர் கச்சேரி செய்தார். வள்ளி நாடகம் ஆடினாள்.

உச்ச ஸ்தாயியில் பாடுவது நாடகத்துக்கு இலக்கணம் என்று நம்மவர்கள் நினைப்பதற்குக் காரணம் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) நாடகங்களை இயற்றிய காலத்தில் ஒலிபெருக்கி ஏது? கொட்டகையின் கடைசி வரிசைக்கும் பாட்டு எட்ட வேண்டும். அதற்குத் தகுந்த குரல் வேண்டும். எஸ். ஜி. கிட்டப்பாவுக்கு (1906–1933) அந்தக் குரலும் இருந்தது, சிறு வயது முதல் மேடையிலே பெற்ற பயிற்சியும் இருந்தது. மருந்துக் கடையை மூடிவிட்டு ஒத்திகைக்கு வருகிறவர் கிட்டப்பாவைப் பின்பற்ற முயல்வானேன்?

அவர் பின்பற்றத் தக்க வழி வேறொன்று உண்டு. பல்லாரி 'சரச வினோதினி' சபையார் சென்னைக்கு வந்து ஆடிய தெலுங்கு நாடகங்களைப் பார்த்த பம்மல் சம்பந்த முதலியார், 1891-ல், பதினெட்டு வயதில், நண்பர்களுடன் சேர்ந்து சுகுண விலாச சபையை ஸ்தாபித்தார். படித்தவர்கள் மேடை ஏறுவது கௌரவக் குறைவு என்று கருதப்பட்ட காலம் அது. அந்தச் சபையில் வக்கீல்கள் நடித்தார்கள். ரங்கவடிவேலு பெண் வேஷத்தில் பெயர் பெற்றார். தேசபக்தர் சத்தியமூர்த்தியும் வேஷம் பூண்டார். பாட்டுக்களைக் குறைத்து வசனத்துக்கு ஏற்றம் கொடுத்தார் முதலியார். கூலிக்கு ஆடாதவனுக்குக் கைதட்டலுக்காக ஆட வேண்டிய நிர்ப்பந்தமும் இல்லை. கதைக்கு நியாயம் செய்யலாம். அமெச்சூரின் பெரிய சொத்து இதுவே.

பாட்டே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வள்ளியையும் முருகனையும் பாட்டில்லாமல் எவன் பார்ப்பான்? பாட்டு கதையை ஓரடியாவது முன்னே நகர்த்த வேண்டும், அல்லது பாத்திரத்தின் உள்ளத்தைத் திறந்து காட்ட வேண்டும். இரண்டும் செய்யாத பாட்டை, எவ்வளவு இனிமையானதாயினும், ஒத்திகையிலேயே வெட்டிவிட வேண்டும். வெட்டும் கத்தி ஆர்மோனியக்காரர் கையில் இருக்கலாகாது!

நாடகம் முடிந்ததும் காரியதரிசியைக் கண்டோம். முகத்தில் களையில்லை. மண்டப வாடகைக்கும் திரைச்சீலைக்கும் கொடுத்தது போக, கைப்பணத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதாம். "அடுத்த வருஷம் யோசிக்க வேண்டும், ஸார்" என்றார். "முன் இரண்டு வரிசையும் பாஸ்தான்" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். நாம் தலையைக் குனிந்துகொண்டோம். நாமும் இரண்டாவது வரிசையில்தான் அமர்ந்திருந்தோம்.

மறுநாட் காலை நமது டிக்கட்டுக்குரிய பணத்தை அனுப்பிவிட்டோம். இதைப் பெருமைக்காக எழுதவில்லை, பிராயச்சித்தமாக எழுதுகிறோம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு சபை இருக்கும். அடுத்த முறை அதன் காரியதரிசி உங்கள் வாசலில் வந்து நின்றால், பாஸ் கேளாதீர்கள், டிக்கட் வாங்குங்கள். பணம் கொடுத்து வாங்கியவருக்குத்தான், "நாரதரே, பாட்டைச் சுருக்குக!" என்று சொல்லும் உரிமையும் உண்டு.

அந்த உபாத்தியாயினி அடுத்த வருஷமும் பரண்மீது ஏற வேண்டும். அந்தப் பறவைகளை இன்னொரு முறை பார்க்க நமக்கு ஆசையாயிருக்கிறது.