15 படுக்கை யாருக்கு?

திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில் கல்வெட்டில் ஓர் ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, வருகிறது. வீரராசேந்திர சோழன் காலம், 11ஆம் நூற்றாண்டு. 15 படுக்கை, வைத்தியர், சல்லியக்கிரியை (அறுவை சிகிச்சை) செய்பவர், மூலிகை கொண்டுவர இருவர், பணிப்பெண்கள் இருவர். தொடக்கப்பள்ளி ஆசிரியையான எனக்கு இது கையில் கிடைத்த பயிற்சித்தாள்.

தமிழ்நாட்டுப் பாடநூலில் க்யூஆர் குறியீடு 2018இலேயே வந்துவிட்டது. 2022இல் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம். பிறகு ஆசிரியர்களுக்குக் கைக்கணினி. கருவிக்குக் குறைவில்லை, கேள்விக்குத்தான் பஞ்சம். “எத்தனை படுக்கை?” என்று கேட்டு, 15ஐத் தொட்டால் திரையில் நட்சத்திரம் மின்னும் தாள், சட்டை மாற்றிய ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’தான்.

அதே கல்வெட்டுப் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டி, “இங்கே நெசவாளிக்கும் வைத்தியம் நடந்திருக்குமா? எதை வைத்துச் சொல்கிறாய்?” என்று கேளுங்கள். ஐந்தாம் வகுப்பு பிரிந்து நின்று சண்டை போடும். அங்கே கல்லூரி இருந்தது, மாணவர் விடுதி இருந்தது என்ற அடுத்த குறிப்பைத் திறந்ததும் சிலர் கட்சி மாறுவார்கள். மாறட்டும், காரணம் சொல்லிவிட்டு மாறட்டும்.

விடைப்பெட்டியில் “உறுதியாகத் தெரியாது, ஆனால் இதனால் இப்படி நினைக்கிறேன்” என்று எழுத இடம் வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் வேண்டும். தாளைத் தன் ஊருக்கேற்பத் திருத்தும் உரிமையை ஆசிரியருக்குக் கொடுங்கள்.